பிழையின்றித் தோற்றவர்

தேர்த் திருவிழாவுக்குப் போவோர் இரு வகையினர். சுவாமி தேரில் ஆரோகணித்த வேளை முதல் இருப்புக்கு வரும்வரை தேரோடு கூடவே நான்கு வீதியுஞ் சுற்றி வருவோர் ஒரு வகையினர். வீதி மூலையொன்றில் நல்ல நிழலாகப் பார்த்து நின்றுகொண்டு, வருகிறபோது வரட்டும் என்று காத்திருப்போர் மற்றை வகையினர். முன்னையோர்க்குத் தேர் எந்நேரமும் அருகிலுண்டு; ஆயினும் அவர் கண்களுக்குப் பெரும்பாலும் அகப்படுவன முன்னே நடப்பவர் முதுகுகளே. பின்னையோர்க்குச் சுவாமி தரிசனம் ஒரு கணந்தான். அந்தக் கணம் நேர்முகமாகக் கிடைக்கும். கொல்ப் ஆட்டத்தைப் பார்க்கப் போவோரும் இவ்வாறே இரு வகையினராவர் என்பதை, 2022ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சென் அன்றூஸ் என்னும் சிறு பட்டினத்திற் கண்டேன்.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கும் கொல்ப் ஆட்டத்துக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. மகளின் பேறுகாலத்துக்கு உதவியாக நானும் மனைவியும் டண்டீ நகருக்குச் சென்றிருந்தோம். மருமகன் அங்கே வைத்தியர். 'ஓபின்' எனப்படும் பழம்பெரும் போட்டியின் 150ஆவது ஆட்டம் ரே ஆற்றுக்கு அக்கரையில், சென் அன்றூஸில், அவ்வாண்டு நடைபெற்றது. அநுமதிச் சீட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் 13 இலட்சத்துக்கு மேலென்றார்கள். சீட்டிழுப்பில் மருமகனுக்கு இரண்டு கிடைத்தன. மகள் பிள்ளைப்பேற்றுக் கட்டிலில், மனைவி மகளருகில். ஆகவே இரண்டாவது சீட்டு என்னிடம் வந்தது. தகுதி நோக்கி வந்ததன்று. வேறு ஆளில்லாமையால் வந்தது.

அன்று ஆடிப்பிறப்பு. கூழ் காய்ச்சிக் கொண்டுபோக இயலாதென்று மனைவி கொழுக்கட்டையை ஒரு பெட்டியிலிட்டுத் தந்தாள். சென் அன்றூஸுக்குப் புகையிரதப் பாதை 1969இல் மூடப்பட்டுவிட்டது. லூக்கர்ஸ் என்னும் நிலையத்தில் இறங்கி பஸ்ஸிற் செல்லவேண்டும். அந்த பஸ் வரிசையில் நின்றபோது, ஊரிலே பெற்றோலுக்காக மூன்று நாள் வரிசையில் நின்ற என் தம்பியின் நினைவு வந்தது. போட்டி தொடங்கிய யூலை 14ஆந் திகதியே எம் நாட்டு ஜனாதிபதி, நாட்டைவிட்டு நீங்கிய மறுநாள், பதவி துறந்தார். விளையாட்டுப் பார்க்க வரிசையில் நிற்பது எனக்கு அன்று சற்றுக் கூச்சமாகவே இருந்தது. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

ஆடுகளம் என்றவுடன் வேலியடைத்த மைதானத்தை நினைத்தல் கூடாது. வடமராட்சிக் கிழக்கில் மணற்காடு, குடத்தனை, அம்பன் ஆகிய ஊர்களின் மணல்மேடுகளைக் கண்டவர்கள் அதை ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம். அம்மேடுகளின்மேல் குறும்புல் போர்த்து, பனையை நீக்கிவிட்டு, குளிர்ந்த கடற்காற்றை வீசவிட்டால் அதுதான் சென் அன்றூஸின் பழைய களம். கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையே கிடந்த, உழவுக்குதவாத மணல்நிலம். ஆட்டு மந்தைகள் மேய்ந்த நிலம். நெய்தலும் முல்லையும் மயங்கியது எனலாம். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் உறங்கித் தேய்த்த பள்ளங்களே பின்னர் ஆட்டக்காரரை அகப்படுத்தும் மணற்பள்ளங்களாயின என்று சொல்வதுண்டு. அப்பள்ளங்கள் இன்று 112. அக்கோடையில் மழை குறைந்து புல் காய்ந்திருந்தது. கல்மேல் உருளுவதுபோலப் பந்து உருண்டது.

இந்நிலம் தனியார் சொத்தன்று. 1552ஆம் ஆண்டு ஹமில்ரன் என்னும் தலைமைக் குரு எழுதிய சாசனம், அவ்வூர் மக்கள் அங்கே கொல்ப் ஆடும் உரிமையை ஒப்புக்கொண்டது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், 1457இல், ஸ்கொட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துப் பாராளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடைசெய்திருந்தது. வில்வித்தை பயிலவேண்டிய இளைஞர் பந்தின் பின்னே திரிகிறார்கள் என்பதே காரணம். பிள்ளைகள் படிப்பை விட்டு விளையாடுகிறார்கள் என்று நாம் இன்று கூறும் முறைப்பாட்டுக்கு எத்துணைப் பழைய வம்சம்! ஞாயிற்றுக்கிழமைகளில் அக்களத்தில் ஆட்டமில்லை. பெரும் போட்டி நாட்கள் சில மாத்திரம் விதிவிலக்கு. மற்றை ஞாயிறுகளில் அது ஊர்மக்கள் உலாவும் வெளி. ஆவணியில் ஒரு ஞாயிறு பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் இட்டுக்கொண்டு அங்கே மறுபடி போனோம். நாய்களும் சிறுவரும் ஓடித் திரிந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன் காலடி வைக்கவே விடாது கயிறு கட்டிக் காத்த புல்லின்மேல் ஒரு கிழவி விரிப்பிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தாள்.

நம் இலக்கியத்திற் பந்து புதியதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிற் கந்துகவரி உண்டு. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். ஆனால் ஒரு வேறுபாட்டை மாணவர் கருதுக. நம்மவர் பந்து ஆடுவாளை விட்டு அகலாதது. அடிக்க எழும், எழுந்து அவள் கைக்கே திரும்பும். அழகு பந்திலன்று, ஆடுவாள் மேனியசைவில் இருக்கிறது. ஸ்கொட்லாந்தார் பந்தோ கண்ணுக்கெட்டாத் தூரம் போய்விடுகிறது; ஆடுவோன் அதைத் தேடி நடக்கிறான். நடப்பதே ஆட்டத்தின் பெரும்பங்கு. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஆட்டத்தில் பந்தை அடிக்கும் நேரமனைத்தையும் கூட்டினாற் சில நிமிடமே தேறும். எஞ்சிய நேரமெல்லாம் மனிதன் தன் மனத்தோடு நடக்கிறான். பார்க்க வந்தவரும் அதைத்தான் பார்க்கிறார்.

ஆட்டத்தின் விதி மிக எளிது. குழி 18. கோலால் அடித்துப் பந்தைக் குழியில் விழுத்தவேண்டும். எத்தனை அடியில் விழுத்தினான் என்பதே எண்ணிக்கை. குழியைச் சூழ மழித்து வைத்துள்ள புற்றரையைக் 'கிறீன்' என்பர். நான் முற்றம் என்றே சொல்வேன். ஒவ்வொரு குழியையும் இத்தனை அடியில் முடித்தல் முறை என்று விதித்துள்ள எண்ணைப் 'பார்' என்பர். அதனை நியமம் என்க. நியமத்தில் ஒன்று குறைந்தால் 'பேர்டி', இரண்டு குறைந்தால் 'ஈகிள்'. இவை பறவை பற்றிய பெயர்கள்; அவற்றை அப்படியே விடுவதே நன்று. எண் குறையக் குறைய மேன்மை. புள்ளி கூட்டியே பழகிய ஆசிரியனுக்கு இது பிடிபடச் சற்று நேரஞ் செல்லும்.

இப்போட்டி 1860இல் பிறெஸ்ற்விக் என்னும் ஊரிலே தொடங்கியது. அலன் றொபேட்சன் என்பார் அக்காலத்தில் தலைசிறந்த ஆட்டக்காரர். தோலுறைக்குள் இறகு திணித்துப் பந்து செய்வதே அவர் தொழில். அவர் 1859இல் இறந்தார். அவருக்குப் பின் சிறந்தவர் யார் என்ற வினாவுக்கு விடை காணவே எண்மர் கூடி ஆடினர். வில்லி பாக் வென்றார். 1871இல் ஆட்டமில்லை, இரு உலகப் போர்க் காலங்களிலும் இல்லை, 2020இல் நோய்த் தொற்றினால் இல்லை. இவற்றைக் கழித்தே 2022இல் 150 என்ற கணக்கு வந்தது. தொடக்கத்தில் ஆடிய அந்த எண்மரும் கனவான்களல்லர். பந்து செய்வோரும், புல் பராமரிப்போரும், கனவான்களின் கோற்பையைச் சுமக்கும் 'கெடி'களுமாகிய உழைப்பாளிகள். இதை வாசித்தபோது எனக்கு நுவரெலியா நினைவு வந்தது. 1889இல் நிறுவப்பட்ட கொல்ப் கழகம் அங்குண்டு. இளமையில் நான் அந்தப் பகுதியிற் படிப்பித்த காலத்தில், சனி ஞாயிறுகளிற் கோற்பை சுமந்த தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருந்தார்கள். துரைமாருக்குக் காற்றுப் பார்த்துச் சொல்லத் தெரிந்த அப்பிள்ளைகளுக்கு, ஆட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் பையின் பாரத்தைப் பற்றியே எழுதுவார்கள்.

போட்டிக்கு வருவோம். ஒருவர் நான்கு நாட்களில் 72 குழிகளை ஆடுகிறார். இரண்டாம் நாள் மாலை பின்தங்கியோர் நீக்கப்படுவர். வெள்ளிக்கிழமை அவ்வாறு நீங்கியவர்களில் ரைகர் வூட்ஸும் ஒருவர். அதே களத்தில் 2000இலும் 2005இலும் வென்றவர். அன்று வயது 46. விபத்தொன்றில் நொறுங்கிய கால். முற்காலத்தில் ஆயர் மந்தை கடத்திய சுவில்கன் என்னும் சிறு கற்பாலத்தைத் தொப்பியைக் கழற்றி உயர்த்தியபடி கண்ணீருடன் அவர் கடந்ததைத் தொலைக்காட்சியிலே கண்டோம். பக்கத்து வீட்டு ஸ்கொட்லாந்துக்காரர் அது முடிந்ததும் எழுந்து போய்விட்டார். எஞ்சியதை அவர் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை நான் முதல் வகையினருள் ஒருவனாகச் சேர்ந்தேன். ஆட்டக்காரர் இருவரைத் தொடர்ந்து நடந்தேன். சென் அன்றூஸ் பார்வையாளருக்கு இரக்கம் காட்டாத களம். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றையொன்று தழுவிக் கிடப்பதால் மக்களைப் புறவோரங்களிலேயே நிறுத்துகிறார்கள். முற்றங்களிலும் ஏழு இரட்டை முற்றங்கள்; ஒவ்வொன்றிலும் இரு குழிகள். அவற்றின் எண்களைக் கூட்டினால் எங்கும் 18 வரும்: இரண்டுக்குப் பதினாறு, ஐந்துக்குப் பதின்மூன்று என்றிவ்வாறு. தூரத்தே நாலு பேர் நிற்கிறார்கள். யார் எந்தக் குழிக்கு ஆடுகிறார் என்பது அயலவர் சொன்னாலன்றித் தெரியாது. பந்து எழுந்தது தெரியும், விழுந்தது தெரியாது. பதினோராம் குழியடிக்குப் போய்ச் சேர்ந்து கொழுக்கட்டையை அவிழ்த்தோம். 1921இல் பொபி ஜோன்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், அக்குழியின் மணற்பள்ளத்தில் அகப்பட்டு, சினங்கொண்டு ஆட்டத்தைக் கைவிட்டார் என்று மருமகன் சொன்னார். அவரே 1927இல் மீண்டு வந்து அங்கே வென்றார். 1958இல், முதுகுத்தண்டு நோயால் நடக்கவியலாதிருந்த அவருக்கு அவ்வூரார் நகர உரிமை அளித்தனர். சினந்து போன பிள்ளையை மறவாமல் அழைத்துக்கொண்ட ஊர்!

பிற்பகலில் நான் இரண்டாம் வகையினனானேன். பதினேழாம் குழியடியில் அமைத்திருந்த தட்டொன்றில் வரிசையில் நின்று இடம் பிடித்தோம். தலைவர்கள் அங்கு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். 'றோட் ஹோல்' எனப்படும் அக்குழியின் நீளம் 495 யார், நியமம் நான்கு. முற்றத்தின் இடப்புறம் செங்குத்தான ஒரு மணற்பள்ளம் வாய் திறந்து கிடக்கிறது. பின்புறம் ஒரு தெரு. தெருவை அடுத்துக் கற்சுவர். 1978இல் ஜப்பானியராகிய நக்காஜிமா, முற்றத்திலிருந்து உருட்டிய பந்து அப்பள்ளத்தில் இறங்கிவிட, அதனின்று மீளமுடியாமல் 9 அடிகளில் அக்குழியை முடித்தார். 1984இல் ரொம் வற்சன் அடித்த பந்து தெருவைக் கடந்து சுவரருகிற் கிடந்தது. வெற்றி ஸ்பானியராகிய பலஸ்ரெரோஸுக்குப் போனது. இத்தகைய இடத்தில் அமர்ந்திருப்பது, ஏட்டிற் படித்த போர்க்களமொன்றின் மேட்டில் அமர்ந்திருப்பது போன்றது.

நிலைமை இது: மூன்று நாள் ஆட்ட முடிவில் வட அயர்லாந்தவராகிய ரோரி மக்கில்ரோயும் நோர்வேக்காரராகிய விக்ரர் ஹொவ்லண்டும் நியமத்துக்கு 16 குறைவாக முன்னணியில் நின்றனர். நான்கு அடி பின்னே, 12 குறைவாக, ஒஸ்ரேலியராகிய கமரூன் ஸ்மித்தும் அமெரிக்கராகிய கமரூன் யங்கும் நின்றனர். கூட்டம் முழுவதும் மக்கில்ரோயின் பக்கம். அவர் பெரும் போட்டிகளில் நான்கை வென்றவர். ஆனால் 2014க்குப் பின் ஒன்றேனும் இல்லை. 2015இல் இக்களத்தில் ஓபின் நடந்தபோது, உதைபந்தாட்டத்திற் கணுக்காற் தசைநார் அறுந்து வரமுடியாமற் போனவர். எட்டாண்டு நோன்பு அன்று முடியும் என்று என் அருகிலிருந்த முதியவர் உறுதியாக நம்பினார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியராம், கணிதம். ஆகையால் எளிதாக நட்புக்கொண்டோம்.

மூன்று மணி நேரம் நாங்கள் கண்டது குறைவு, கேட்டது மிகுதி. தமிழிலே ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவையனைத்தும் அன்று பயன்பட்டன. மக்கில்ரோய் இருக்குமிடத்திலிருந்து எழும் ஒலி வேறு: முதலிற் பேரமைதி, பின்னர் 'ஓ' என்று தொடங்கி 'ஆ' என்று தாழ்ந்துவிடும். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுச் சென்றது என்பது அதன் பொருள். அவ்வொலியைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். இடையே, அவர் பத்தாங் குழியிலிருந்தபோது, இடிபோல் ஒரு முழக்கம் எழுந்தது. பேர்டி. பலகையில் அவர் பெயருக்கு நேரே 18 ஏறியது. எமது தட்டு அதிர்ந்தது. முதியவர் என் தோளிலே தட்டினார்.

அவருக்கு முன்னே சென்ற சோடியிலிருந்து வந்த ஒலியோ மிதமானது. மரியாதையான கைதட்டல் மாத்திரம். அதைக் காற்றுப் பாதி விழுங்கிவிட்டது. ஆனால் பலகை விழுங்கவில்லை. ஸ்மித்தின் பெயருக்கு நேரே 15 என்று வந்தது. சற்றுக் கழிந்து 16. யாரும் பேசவில்லை. 17. முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். 18. பின்னர் 19. பத்தாங் குழி முதல் பதினான்காங் குழி வரை ஐந்திலும் ஐந்து பேர்டிகள். முதல் நாள்தான் அதே ஸ்மித் 73 அடித்து முன்னணியை இழந்தவர். கண்ணாற் காணாத ஒன்று ஒரு கூட்டத்தின் முகத்தை இவ்வாறு மாற்றக்கூடும் என நான் அறிந்திலேன். எம்முன்னே கிடந்தது வெறும் புல், அதிலே ஒருவருமில்லை, ஆயினும் ஆயிரக்கணக்கானோர் அப்புல்லை உற்றுப் பார்த்தபடி ஒரு செய்தியைச் சீரணிக்க முயன்றுகொண்டிருந்தனர்.

ஸ்மித் பதினேழாம் குழிக்கு வந்தார். அவரது இரண்டாம் அடி முற்றத்தை எட்டாமல் நின்றது. பந்துக்கும் குழிக்கும் நடுவே அந்தக் கொடிய மணற்பள்ளம். கண்காணிப்போர் கைகளை உயர்த்தினர். அத்துணைப் பெருங்கூட்டத்தில், தொலைவிலே கொடித்துணி படபடப்பது கேட்டது. பந்தை உயர எழுப்பிப் பள்ளத்துக்கு மேலால் இறக்குவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அவர் உருட்டுகோலை எடுத்தார். மேட்டின் சரிவிலே பந்தை ஏற்றி, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அது முற்றத்தில் இறங்குமாறு உருட்டினார். கிணற்றுக்கட்டைச் சுற்றிப் போகிற பிள்ளையைப் போல அது போயிற்று. நின்ற இடத்திலிருந்து குழி பத்தடி அளவு. அதையும் விழுத்தி நியமத்தைக் காத்துக்கொண்டார். அன்று வெற்றி முடிவானது ஐந்து பேர்டிகளாலன்று, இந்த ஒரு நான்கினாலேயே என்பது என் துணிபு. பதினெட்டிலும் ஒன்று குறைத்து, நியமத்துக்கு 20 குறைவாக, 268 என்ற எண்ணிக்கையுடன் ஆட்டத்தை முடித்தார். யங் கடைசிக் குழியில் ஈகிள் அடித்து 269ஐ எட்டினார்.

பின்னர் மக்கில்ரோய் வந்தார். பதினேழிலும் நான்கு, பதினெட்டிலும் நான்கு. எண்ணிக்கை 270, மூன்றாமிடம். எங்கள் தட்டைக் கடந்தபோது அவர் முகத்தைக் கண்டேன். கணக்கை நன்றாகச் செய்துவிட்டு, விடை ஏன் பொருந்தவில்லை என்று தாளையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனின் முகம் அது.

கணித ஆசிரியர் திரும்பும் வழியில் கணக்கொன்று சொன்னார். பின்னர் வெளியான விபரங்களும் அதையே உறுதிசெய்தன. அன்று மக்கில்ரோய் 18 முற்றங்களையும் உரிய அடியில் அடைந்தார். ஒவ்வொரு முற்றத்திலும் இரண்டே உருட்டல், ஆக 36. ஒரு குழியிலேனும் நியமத்தை மிஞ்சவில்லை. கூட நடந்த ஹொவ்லண்ட் 74 அடித்துச் சரிந்தார், இவர் சரியவில்லை. 70 என்பது குறையான எண்ணுமன்று. இவரது ஆட்டத்தில் ஒரு பரீட்சகர் சிவப்பு மையால் வட்டமிடத்தக்க இடம் ஒன்றும் இல்லை. இருந்தும் தோற்றார். முன்னே சென்றவர் 64 அடித்தார், அவ்வளவுதான்.

இவ்வாட்டத்தில் ஒருவரின் எண்ணிக்கையை உடனாடுபவரே அட்டையிற் குறித்துக்கொள்கிறார்; முடிவில் ஆடியவர் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறார். 1968இல் அமெரிக்காவில் மாஸ்ரர்ஸ் போட்டியில், ஆர்ஜென்ரீனா நாட்டு டி விசென்ஸோ பதினேழாங் குழியில் மூன்று அடித்தார். உடனாடியவர் நான்கென்று எழுதினார். இவர் பாராமற் கையொப்பமிட்டுவிட்டார். 65 என்பது 66 ஆயிற்று. சமநிலைக்குப் பின் ஆடவேண்டிய மறு ஆட்டம் கைநழுவியது. அன்று அவருடைய பிறந்த நாளும். தோல்விக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனம் ஆறும். டி விசென்ஸோவுக்குக் காரணம் கிடைத்தது. மக்கில்ரோய்க்கு அதுவும் கிடைக்கவில்லை.

துணிவில்லாமையே காரணம் என்று மறுநாட் பத்திரிகைகள் சில எழுதின. பாதுகாப்பாக ஆடினார், ஆகவே தோற்றார் என்பது அவற்றின் தீர்ப்பு. இதை நான் ஏற்கேன். பதினேழாங் குழியடியில் இருந்தவன் நான். அங்கே துணிவைக் கைவிட்டுச் சுற்றுவழி போனவர் ஸ்மித், வென்றவரும் அவரே. முடிவு தெரிந்தபின் அதற்கேற்ற குணத்தை ஆளிலே கண்டுபிடிப்பது எளிய திறனாய்வு. நம் இலக்கியத் திறனாய்விலும் அவ்வெளிமை உண்டு என்பதை வாசகர் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் கட்டுரை விடைத்தாள் திருத்தும் இடமொன்றில் எனக்கும் சக பரீட்சகர் ஒருவருக்கும் நடந்த வாதத்தையும் இங்கே சொல்லவேண்டும். 'கோடை' என்பது தலைப்பு. ஒரு மாணவியின் தாளில் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, வாக்கியம் ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் ஒழுங்காக நின்றது. ஒரு மாணவனின் தாளிலோ சந்திப்பிழை மாத்திரம் ஏழு. ஆனால் வற்றிய கிணற்றில் விளக்கோடு இறங்கித் தோண்டும் தகப்பனை மேலிருந்து எட்டிப் பார்த்து, அவர் குரல் எவ்வாறு கேட்டது என்று எழுதியிருந்தான். நண்பர் அவனுக்காக வாதாடினார். நான் அவளுக்காக வாதாடினேன். பிழையின்மை எளிதில் வருவதன்று. பல இரவுகள் விழித்துப் பெறுவது. அதை உயிரற்றது என்று சொல்லிவிடுவதற்கு நமக்கு என்ன உரிமை? முடிவில் இருவருக்கும் ஒரே புள்ளி இட்டோம். அம்முடிவிலே எனக்கு இன்றும் மாறுபாடில்லை. எனினும் சென் அன்றூஸில் இருந்து டண்டீக்குத் திரும்பிய அன்றிரவு, அந்த மாணவி இப்போது என்ன செய்கிறாளோ என்று நெடுநேரம் எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

மக்கில்ரோயை அதன் பின் நேரிற் காணும் வாய்ப்பு எனக்கில்லை. 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடியற்காலை, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலே கண்டேன். அமெரிக்காவில் ஒகஸ்ராவில் மாஸ்ரர்ஸ் போட்டியின் கடைசி நாள். அங்கே ஏப்ரில் 13 மாலை, இங்கே 14 விடிகாலை. அன்று அவர் முதற் குழியிலேயே நியமத்துக்கு மேல் இரண்டு அடித்தார். பதின்மூன்றில், எளிதான இடத்திலிருந்து பந்தை நீரோடையில் விழுத்தி மறுபடியும் இரண்டு மேல். கடைசிக் குழியில் ஐந்தடித் தூரத்திலிருந்து விழுத்தினால் வெற்றி என்ற பந்தையும் தவறவிட்டார். 73 அடித்தார். சிவப்பு மை தீர்ந்துபோகும் அளவுக்குப் பிழைகள். பின்னர் இங்கிலாந்துக்காரராகிய ஜஸ்ரின் றோஸுடன் சமநிலை முறிக்கும் ஆட்டம், அதன் முதற் குழியிலே பேர்டி, வெற்றி. பதினோராண்டு கழிந்து கிடைத்த பெரும் வெற்றி அது. நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற ஆறாமவரும் ஆனார்.

தொலைக்காட்சியில் எல்லாம் தெரிந்தது. பந்து எழுந்தது, விழுந்தது, புல்லின் சாய்வு, முகத்தின் வியர்வை, ஒன்றும் மறைவில்லை. ஒலியையுங் கேட்டேன், ஆனால் 'ஓ' என்பதற்கும் 'ஆ' என்பதற்கும் இடையிலே சென் அன்றூஸில் நின்ற அந்த இடைவெளி அப்பெட்டியில் அகப்படவில்லை. மக்கில்ரோய் முழந்தாளிட்டு விழுந்து, நெற்றியைப் புல்லிற் புதைத்து, உடல் குலுங்க அழுதார். புண்ணியகாலம் கழியப்போகிறது என்று மனைவி மருத்துநீர்ச் செம்போடு வந்து வாயிலில் நின்றாள். இவர் எழுந்திருக்கட்டும், வருகிறேன் என்றேன்.